இரண்டாம் முறை அளந்த மீன்

துறைமுகத்தில் அவளை எல்லோரும் ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மீன்வள அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அவளே திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். பத்தொன்பது வருஷமாக அவள் செய்தது ஒரே வேலை. படகுகள் கரைக்கு வந்ததும் ஒரு படகுக்குப் பத்துப் பாறை மீன் எடுத்து, மரப் பலகையில் கிடத்தி, நீளம் பார்த்து எழுத வேண்டும். பலகையின் ஒரு முனையில் ஒரு தடுப்புக்கட்டை. மீனின் மூக்கு அதில் முட்ட வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், வால் இயல்பாக விரிந்திருக்க வேண்டும். வால் நுனி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அந்த மீனின் விதி.

கடலில் பாறை மீன் வருஷா வருஷம் குறைந்துகொண்டே போனது. அதனால் நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்குக் குறைந்ததைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். ஒரு தடவையாவது முட்டை போட்ட மீனாக இருக்கட்டும் என்பதுதான் கணக்கு. எடுத்த பத்து மீனில் மூன்று குறைந்துவிட்டால் படகின் உரிமச் சீட்டில் ஒரு குறி விழும். ஒருமுறை விழுந்த குறி அந்தப் படகு விறகாகும் வரை அழியாது. மூன்று குறி விழுந்தால் அந்தப் பருவம் முழுக்கப் படகு கரையில்தான்.

ஸ்கேல் அக்காவுக்கு மனிதர்கள் மேல் பெரிய மதிப்பு எதுவும் கிடையாது. பத்தொன்பது வருஷம் மீனை அளந்தால் மனிதனின் அளவு தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. படகுக்காரர்கள் கூடையின் மேலே ஆளுயர மீனாக அடுக்கி, அடியில் குட்டிகளைப் புதைத்துக் கொண்டுவந்து, பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவள் முழங்கை முங்கும் வரை கையை விட்டு அடியிலிருந்துதான் எடுப்பாள். உடனே ஆரம்பித்துவிடுவார்கள்: கடலில் அளக்கும்போது சரியாக இருந்தது, ஐஸில் கிடந்து சுருங்கிவிட்டது. எல்லாப் படகுக்கும் இதே பாட்டு. அவள் பேனாவை மூடக்கூட மாட்டாள்.

"மீன் என்ன புதுத் துணியா, நனைச்சா சுருங்குறதுக்கு?"

இதைச் சொல்லிவிட்டுக் குறி போடுவாள். துறைமுகத்தில் இது அவளைக் கேலி செய்யும் வசனமாகவே ஆகிவிட்டது. யாராவது சட்டை பற்றாமல் திணறினால், "ஐஸ்ல கிடந்தியா?" என்று கேட்பார்கள்.

படகுக்காரர்களாவது வயிற்றுக்குப் பொய் சொல்கிறார்கள். தூண்டில் சங்கத்துக்காரர்களை நினைத்தால் அவளுக்கு எச்சில் துப்பத் தோன்றும். வாரம் பூராவும் ஏசி அறையில் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முகத்தில் வெள்ளைக் களிம்பைப் பூசிக்கொண்டு கடலைக் காப்பாற்ற வருகிறவர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மீன், அதுவும் நாற்பத்தைந்துக்கு மேல் என்று அவர்களுக்கும் சட்டம் உண்டு. இரண்டு மீனைப் பிடிக்க ஒரு கல்யாணத்துக்கு ஆகிற சாமான் எடுத்துவருவார்கள். பிடித்ததைக் கேமராவை நோக்கிக் கை வலிக்க நீட்டிப் பிடித்துப் படம் எடுப்பார்கள். கைக்குட்டை அளவு மீன் கதவு அளவு தெரியும். பிறகு, படகுக்காரர்கள் கடலைத் துடைத்துவிட்டார்கள் என்று மனு எழுதுவார்கள். படகுக்காரர்களோ, சங்கத்துக்காரர்கள்தான் துடைத்தது என்று பதில் மனு எழுதுவார்கள். இரண்டு மனுவும் ஒரே தட்டச்சுக் கடையில் அடித்தவை.

சங்கத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். நாள் முழுக்க மனிதர்களை வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியதாலோ என்னவோ, மீனின் வாயையும் திறந்தே பலகையில் வைப்பார். வாய் திறந்தால் அரை சென்டிமீட்டர் கூடும். வாலின் இரண்டு கிளையையும் விரலால் கிள்ளிச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். ஸ்கேல் அக்கா பேனாவால் அவர் விரலில் ஒரு தட்டுத் தட்டி, மீனின் வாயைத் தன் கையால் மூடுவாள்.

அலுவலகத்தின் தலைவரைப் படகுக்காரர்கள் 'கண்ணாடி' என்பார்கள். கண்ணில் போடும் கண்ணாடி அல்ல. பதினோரு வருஷமாக அவர் துறைமுகத்தைப் பார்த்ததெல்லாம் தன் அறையின் கண்ணாடிக் கதவு வழியாகத்தான். மீன் வாடை பட்ட தாளை நுனிவிரலால் தூக்குவார். படிவங்களை அடுக்கி வைத்தால், கீழ் மூலையை மட்டும் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனில் பேசுவார். ஒருமுறை அவருடைய விடுப்பு விண்ணப்பத்தையே அவரே நிராகரித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இத்தனை பேரையும் இளக்காரமாகப் பார்க்க ஒருவருக்குத் தகுதி வேண்டும் அல்லவா. அவள் தகுதி அந்தப் பலகை. அது பொய் சொல்லாது, ஆள் பார்க்காது. ஆள் பார்க்காததற்கு அவளிடம் அத்தாட்சி இருந்தது. சொந்தத் தம்பியின் படகுக்கே ஏழு வருஷத்துக்கு முன் ஒரு குறி, இரண்டு வருஷத்துக்கு முன் இன்னொரு குறி போட்டிருந்தாள். தம்பியாக இருந்தால் மீனுக்குத் தெரியுமா என்று அன்று கூட்டத்தில் கேட்டாள். இரண்டாவது குறிக்குப் பிறகு தம்பி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவளும் போய்ப் பேசவில்லை. ஐஸ் ஆலைக்குப் பின்னால், மாடியில், அவளுக்கு ஓர் அறையும் சமையலறையும். புருஷன் சரக்கு லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் சாலையில். ஐஸ் உடைக்கிற இயந்திரத்தின் சத்தம் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கமே வரும்.

போன வாரம் தம்பியின் படகுக்கு மூன்றாவது குறி விழுந்தது. பத்தில் மூன்று மீன்: நாற்பத்து நாலு புள்ளி ஆறு, புள்ளி ஏழு, புள்ளி ஐந்து. மூன்றாவது குறி என்பதால் திங்கட்கிழமை கண்ணாடியின் அறையில் விசாரணை. அளந்தவள் சாட்சி சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை பகலில் தம்பி மனைவி மாடி ஏறி வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. படகு நின்றுபோனால் தம்பி அடுத்த படகில் கூலி ஆளாகப் போக வேண்டும் என்றாள். எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருப்பது யார் தெரியுமா, திருடுகிறான் என்று தம்பி தன் படகிலிருந்து இறக்கிவிட்ட அதே ஆள். அவன் இப்போது சொந்தப் படகு வைத்திருக்கிறான். தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான்.

"அவர் கடல்ல வச்சே அளந்தாராம் அண்ணி. ஒவ்வொண்ணா அளந்தாராம். உங்களுக்குப் பயந்துகிட்டே அளந்தாராம்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"எல்லாரும் ஒண்ணையே சொன்னா, அது உண்மையா இருக்கலாம்னு உங்களுக்குத் தோணவே தோணாதா?"

ஸ்கேல் அக்கா பதிலுக்குத் துணிக் கதையை எடுத்தாள். தம்பி மனைவி பாதியிலேயே படி இறங்கிவிட்டாள். எத்தனை பேர் சேர்ந்து சொன்னாலும் பொய் பொய்தானே என்று அக்கா கதவைச் சாத்திக்கொண்டு நினைத்தாள். நிம்மதியாகத்தான் நினைத்தாள்.

மறுநாள் சங்கத்தின் தூண்டில் போட்டி. அளப்பதற்கு அலுவலகம் அவளை அனுப்பியிருந்தது. கடற்கரையில் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. காலை ஒன்பது மணிக்கு முதல் படகு வந்தது. ஒவ்வொரு மீனின் வாலிலும் எண் சீட்டைக் கட்டி, அளந்து, தாளில் எழுதினாள். பல் டாக்டர் கொண்டுவந்தது பதினேழாம் எண். இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல வாயைத் திறந்து வைத்தார், வழக்கம்போல விரலில் தட்டு வாங்கினார். வாயை மூடி, வாலை விட்டு அளந்தாள்: நாற்பத்தைந்து புள்ளி நாலு. தேறிவிட்டது. எல்லா மீனையும் ஐஸ் பெட்டியில் போட்டு மூடினார்கள். கண்ணாடி வந்து, தாளின் கீழ் மூலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிழலுக்குப் போனார்.

மாலை நாலு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் ஒருவர் பரிசு கொடுக்க வந்தார். முறைப்படி அளப்பது எப்படி என்று மேடையில் செய்து காட்டட்டும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். பதினேழாம் எண்ணைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அவள் மூக்கை முட்டி, வாயை மூடி, வாலைப் பார்த்து, பழக்கதோஷத்தில் உரக்கப் படித்தாள். ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்தது.

"நாப்பத்தி நாலு புள்ளி ஏழு."

அவள் மீனைத் தூக்கி மறுபடி வைத்தாள். அதே ஏழு. எண் சீட்டைப் பார்த்தாள். பதினேழு. காலைத் தாளைப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். அதே மீன், அதே பலகை, அதே கை. நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் தூண்டில் அனுமதிச் சீட்டு ரத்து. பல் டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் சிரித்தார்.

"அம்மா, காலையில இது உயிரோட இருந்துச்சு. ஏழு மணி நேரம் ஐஸ்ல கிடந்திருக்கு. செத்த மீன் ஐஸ்ல சுருங்கும். இது தெரியாமலா இத்தனை வருஷம் இந்த வேலை பாக்குறீங்க?"

கண்ணாடி நாற்காலியை விட்டு எழுந்தே வந்தார். "அது தெரிஞ்ச விஷயம்தானே சார். எங்க பயிற்சிப் புத்தகத்துலயே இருக்கு. காலையில எடுத்ததுதான் கணக்கு" என்றார். பெரியவர் தலையாட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். வெள்ளி நிறத்தில் பூசிய ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு பல் டாக்டர் படம் எடுத்துக்கொண்டார், கோப்பையைக் கேமராவை நோக்கி நீட்டி.

அவள் பந்தலுக்குப் பின்னால் ஐஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு மீனாக எடுத்து அளந்தாள். இருபத்து மூன்று மீன். காலை எழுதிய அளவுக்குப் பக்கத்தில் மாலை அளவை எழுதினாள். ஒன்று அரை சென்டிமீட்டர் குறைந்திருந்தது, ஒன்று முக்கால், ஒன்று மட்டும் கால். கூடியது ஒன்றும் இல்லை. குறையாததும் இல்லை. வரிசையின் அடியில் தன் கையெழுத்தைப் போட்டு, சுத்தம் செய்ய வந்தவரையும் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனை லட்சம் மீன் அளந்திருப்பாள். ஒரே மீனை இரண்டு முறை அளந்ததே இல்லை. அளந்ததும் கூடைக்குப் போகும், கூடை ஏலத்துக்குப் போகும். தலைமாட்டில் ஐஸ் ஆலையை வைத்துக்கொண்டு தூங்கியவளுக்கு, ஐஸ் என்ன செய்யும் என்று தெரியவில்லை. பல் டாக்டரைத் திட்டலாம் என்று பார்த்தாள். அந்த ஆள் சொன்னது உண்மை. அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கண்ணாடிக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே பதினோரு வருஷம் அவள் போட்ட குறிகளுக்குக் கீழ் மூலையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். துறைமுகத்தில் தெரியாதவள் அவள் ஒருத்திதான். அவர்களெல்லாம் தினமும் அவளிடம் வந்து சொல்லியும் தெரியாதவள்.

திங்கட்கிழமை காலை, தூண்டில் போடும் சின்னப் படகு ஒன்றில் துடிக்கத் துடிக்க ஒரு பாறை மீனை வாங்கினாள். பதிவு எழுத்தரைக் கூப்பிட்டு அவர் கண் முன்னாலேயே அளந்தாள்: நாற்பத்தைந்து புள்ளி ஐந்து. அந்த அலுவலகத்தில் எழுதியதைப் படிக்கிற ஒரே ஆள் அந்த எழுத்தர்தான். வாளியில் ஐஸைப் போட்டு மீனைப் புதைத்தாள். பதினோரு மணிக்கு வாளி ஒரு கையிலும் பலகை ஒரு கையிலுமாகக் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

தம்பி சுவரோரம் நின்றிருந்தான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். அவளைப் பார்க்கவில்லை. அவள் பலகையை மேஜை மேல் வைத்து, மீனைக் கிடத்தினாள்.

"மேஜை நனையுது" என்றார் கண்ணாடி.

"பாருங்க சார். நாப்பத்தி நாலு புள்ளி எட்டு. காலையில நாப்பத்தஞ்சரை. இவன் படகு மீன் ஐஸ்ல கிடந்தது ரெண்டு நாள்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். கரையில் அளக்கும்போது என்ன அளவோ அதுதான் அளவு என்று சட்டத்தில் இருக்கிறதாம்.

"அப்ப நேத்து சங்கத்துக்கு?"

"அது பொழுதுபோக்கு. இது தொழில். ரெண்டும் ஒண்ணா?"

"மீன் ஒண்ணுதானே சார்."

தம்பி முதல் முறையாகத் தலையைத் தூக்கினான். அவள் நேற்றைய தாளை மடியிலிருந்து எடுத்து விரித்தாள். இடது பக்கம் காலை அளவு, வலது பக்கம் மாலை அளவு, கீழ் மூலையில் கண்ணாடியின் கையெழுத்து. இதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப் போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கண்ணாடி தாளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டார். இதைப் பெரிது பண்ணுவானேன் என்றார். பலகை பழசு. மரம் உப்பியிருக்கும். அளவு கோணலாகியிருக்கும். கருவிக் கோளாறு என்று ஒரு படிவம் இருக்கிறது, அவள் நிரப்பிக் கொடுத்தால் தம்பியின் குறி தானாக அழிந்துவிடும். யாருக்கும் பாதகம் இல்லை.

யாருக்கும் என்று அவர் சொன்னதில் அவள் சேரவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. கரையில் அளந்ததுதான் அளவு என்ற சட்டம் அப்படியே இருக்கும். சங்கம் அப்படியே இருக்கும். கோணல் பலகை வைத்திருந்தவள் என்று அவள் ஒருத்தியின் பெயர் மட்டும் போகும். உலகத்தில் அவள் மதித்தது அந்த ஒரு பலகையைத்தான். அது பொய் சொன்னது என்று அவள் கையாலேயே எழுத வேண்டும்.

"படிவத்தைக் குடுங்க" என்றாள்.

நின்றுகொண்டே நிரப்பினாள். கருவியின் எண். கோளாறின் தன்மை. மூன்றாவது கட்டத்தில், கோளாறு தொடங்கிய நாள் என்று இருந்தது. அவள் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு ஒரு தேதியை எழுதி, படிவத்தை மற்ற தாள்களின் நடுவே செருகி வைத்தாள். கண்ணாடிக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே கீழ் மூலைகளைத் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போட்டார். மேஜையைத் துடைக்க யாரையாவது வரச் சொல் என்று சைகை காட்டினார்.

வெளியே பதிவு எழுத்தர் படிவத்தை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார்.

"அக்கா, இந்தத் தேதி சரிதானா? வருஷம் தப்பா எழுதிட்டீங்களோ?"

"நான் வேலைக்குச் சேர்ந்த நாள். அது எனக்கு மறக்குமா?"

கோளாறான கருவியால் விழுந்த குறி எதுவும் செல்லாது என்பது விதி. அந்தப் பலகையால் விழுந்த குறிகள் முப்பத்தொரு படகுகளில், மொத்தம் ஐம்பத்தெட்டு. எழுத்தர் ஒவ்வொரு உரிமப் பதிவையும் எடுத்து வைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல், சிவப்பு மையால் அடித்து முடித்தார். கண்ணாடிக்கு விஷயம் தெரிந்தது புதன்கிழமை. அந்தப் படிவத்தை ரத்து செய்ய வேண்டுமானால், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அவரே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதவில்லை. அவளைப் படிவக் கிடங்குக்கு மாற்றினார். உரிமச் சீட்டுகளுக்கு முத்திரை போடுகிற வேலை. துறைமுகத்துக்குப் புதுப் பலகையும் புது ஆளும் வந்தார்கள். புது ஆளிடமும் படகுக்காரர்கள் ஐஸ் பாட்டைப் பாடினார்கள். அவரும் நம்பவில்லை.

அவள் பெயர் மட்டும் மாறியது. கோணல் அக்கா என்றார்கள். பத்தொன்பது வருஷம் கோணல் பலகையை வைத்துக்கொண்டு எங்களைப் பொய்யன் என்றாளே என்று டீக்கடையில் கைகொட்டிச் சிரித்தார்கள். யாருக்கு அதிகக் குறி அழிந்ததோ அவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். அவள் யாரையும் திருத்தவில்லை. கூடையின் அடியில் குட்டியைப் புதைத்துக் கொண்டுவந்தவனின் குறியும் அந்த ஐம்பத்தெட்டில் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். அவனையும் சேர்த்துத்தான் விட்டிருந்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் முத்திரை கொஞ்சம் பலமாகவே விழும்.

அடுத்த பருவம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது தம்பி கிடங்குக்கு வந்தான். உரிமச் சீட்டை மேஜை மேல் போட்டான். குறி ஒன்றுமில்லாத சீட்டு. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை இது:

"என்னக்கா, துணி சுருங்கிடுச்சா?"

அவள் முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டாவது குறி, மூணாவது குறி, ரெண்டும் என் தப்பு. ஒத்துக்குறேன். மொதக் குறி விழுந்தப்ப உன் மீன் நாப்பத்தொண்ணு. எந்த ஐஸும் நாலு சென்டிமீட்டர் சுருக்காது."

தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது. காதைச் சொறிந்தான்.

"ஏழு வருஷம் ஆச்சு. இன்னுமா ஞாபகம் வச்சிருக்க?"

"முழங்கை வரைக்கும் கையை விட்டு எடுத்தேன். மறக்குமா?"

முத்திரையைக் குத்திச் சீட்டை அவன் பக்கம் தள்ளினாள். அவன் எடுத்துக்கொண்டு வாசல் வரை போனான். அங்கே நின்று, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி அவள் சொன்னாள் என்றான். அவள் என்றால் அவன் மனைவி. பிறகு, வரும்போது பலகை எதுவும் எடுத்துக்கொண்டு வராதே என்றும் சொல்லிவிட்டுப் போனான்.